பட்டாளம் சாருக்கும், மாஷுக்கும், அக்காவுக்கும், யூனியன் அண்ணனுக்கும்

வணக்கம்.

கேரள-தமிழ்நாட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில், தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் இருக்கும் நம் மைதானத்தில் பிள்ளைகளின் தடகளக் கிளப்புக்கு இந்த மே மாதத்தோடு ஒரு சீசன் முடிகிறது. பயிற்சி கொடுத்த உங்கள் நாலு பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று பெற்றோர்கள் கூடிப் பேசினோம். சால்வை, மாலை, ஃபிளக்ஸ் எதுவும் கூடாது என்று மாஷ் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார். மடல் எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஊர் டீக்கடையில் எங்களிடம் எப்போதும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க கோச்சுக எல்லாம் இந்தியாவுக்கு ஓடுனவங்களா?" இல்லை. நாலு பேரில் ஒருவர்கூட இந்தியாவின் பெயர் போட்ட பனியனைப் போட்டதில்லை. கேட்டவர் உடனே "அப்படியா" என்று டீயைக் குடிக்கத் தொடங்கிவிடுவார். பாலக்காட்டு ஜில்லாக்காரர்கள் இப்படிக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்ரீசங்கரின் நீளம் தாண்டுதலைப் பார்த்த ஜில்லா இது. அவருடைய அப்பா முரளி மும்முறை தாண்டுதல் வீரர், அம்மா பிஜிமோள் 800 மீட்டர் ஓடியவர். அப்பாவே பயிற்சி கொடுத்து, 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் மகன் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். அப்படி வீட்டுக்குள்ளேயே பயிற்சியாளர் கிடைப்பது எல்லோருக்கும் வாய்க்காது. எங்கள் வீடுகளில் சந்தைக்குப் போகிறவர்களும் கடலைக்காட்டுக்குப் போகிறவர்களும்தான் இருக்கிறோம்.

ஆனால் இந்த நாலு பேர் மைதானத்துக்கு வருவதற்கு முன்னால் என்னவாக இருந்தார்கள் என்பது எங்கள் பிள்ளைகளின் உடம்பில் இறங்கியிருக்கிறது. நான் நன்றி சொல்ல வந்தது அதற்குத்தான்.

கிளப் தொடங்கியபோது வாசகசாலை ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். மாஷ் தன் சான்றிதழ்களை மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டு, "பிள்ளையை விடறதுக்கு முன்னாடி யார்கிட்ட விடறோம்னு பார்த்துக்குங்க" என்றார். அப்புறம் ஒவ்வொருவரும் எழுந்து தன் கதையைச் சொன்னார்கள். பயிற்சி நேரத்தில் எந்தப் பெற்றோரும் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், தனியாக எந்தப் பிள்ளையையும் யாரும் எங்கேயும் கூட்டிப் போக மாட்டோம் என்று அன்றைக்கே அக்கா சொன்னார். பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் எங்களுக்குப் பாதி பயம் அங்கேயே போனது.

பட்டாளம் சார் முதலில். ராணுவத்தில் தன் ரெஜிமெண்டுக்காக 1500 மீட்டர் ஓடியவர். பென்ஷனில் வந்தபிறகு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டு வந்தார். மகாராஜாவின் பழைய மோதிபாக் அரண்மனையில் 1961-இல் தொடங்கிய இடம் அது. பி.டி. உஷாவைக் கண்டெடுத்த ஓ.எம். நம்பியாரும் விமானப்படையில் இருந்துவிட்டுப் பாட்டியாலாவில் படித்துப் பயிற்சியாளரானவர்தான். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உஷா நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை விட்டார், அடுத்த வருடம் நம்பியாருக்குப் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது கிடைத்தது. இதைப் பட்டாளம் சார் தன் பெருமைக்காகச் சொல்வதில்லை. டீக்கடைக் கேள்விக்குப் பதிலாக நான் சொல்வது.

பட்டாளத்துக்காரர் என்றதும் விசில், தண்டனை, கத்தல் என்று நினைத்தோம். இவர் கத்தியே நாங்கள் கேட்டதில்லை. கத்துவதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து 15 நொடி நாடியை எண்ணி, நாலால் பெருக்கி எழுத வேண்டும். வழக்கத்தைவிட எட்டு பத்து துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, நடைதான். "முகாமில அளவுக்கு மீறி ஓடிக் காலெலும்புல விரிசல் வந்து வீட்டுக்குப் போனவங்களை நிறையப் பார்த்திருக்கேன்" என்றார். என் மகள் 800 மீட்டர் ஓடுகிறவள். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இரண்டாவதில் இழுத்துக்கொண்டு வருவது அவள் வழக்கம். அவளுக்கு 300 மீட்டர் ஓட்டங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே நேரத்தில் முடிக்கச் சொன்னார். வேகமாக முடித்தால் பாராட்டு கிடையாது, திரும்ப ஓட வேண்டும். முதலில் அழுதாள். இப்போது கடிகாரம் பார்க்காமலே நேரம் சொல்கிறாள்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். இதற்கு முன் அவள் போய்க்கொண்டிருந்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், லேபிள் கிழிந்த டப்பாவில் ஒரு பவுடர் கொடுத்திருந்தார்கள். சக்திக்கு நல்லது என்றார்கள். நாங்களும் பாலில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். பட்டாளம் சார் அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்க்காலில் கொட்டச் சொன்னார். அவரோடு ஓடிய ஒருவர் யாரோ கொடுத்த டானிக்கைக் குடித்து ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியிருக்கிறார். யார் கொடுத்தது, தெரிந்து குடித்தாயா என்பதெல்லாம் அங்கே எடுபடாது; உடம்பில் இருந்தால் ஓடியவர்தான் பொறுப்பு. அதைக் கூடவே இருந்து பார்த்தவர் சொன்னதால் மறுபேச்சுப் பேசத் தோன்றவில்லை. இப்போது என் மகளுக்குப் பவுடருக்குப் பதில் முட்டையும் வேகவைத்த கடலையும். அதைக் கொடுக்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளுக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அடுத்து யூனியன் அண்ணன். சந்தைக்குத் தினமும் வருகிற எனக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும், ஆனால் நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளியாக மட்டும்தான் தெரியும். விடியற்காலையில் லாரி வந்தால் வெங்காய மூட்டையும் தேங்காய் மூட்டையும் இறக்குவார். கல்லூரியில் படிக்கும்போது பல்கலைக்கழகப் போட்டியில் குண்டு எறிந்தவர் என்று வாசகசாலைக் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். விளையாட்டு கோட்டாவில் வேலைக்கு முயற்சி செய்தார், கிடைக்கவில்லை. அப்பா இறந்ததும் யூனியன் கார்டு எடுத்துவிட்டார். அன்றைக்கு அதைச் சொல்லும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். இப்போது அப்படிப் பேசுவதில்லை என்பதில் எங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டென்று நினைக்கிறேன்.

அவர் குண்டு எறியச் சொல்லிக்கொடுப்பதை ஒரு தடவையாவது வந்து பாருங்கள். முதலில் குண்டையே தொட விடமாட்டார். மணல் நிரப்பிய பழைய சிமெண்ட் சாக்கைத் தூக்கச் சொல்வார். "மூட்டை தோளுக்குப் போறது கையாலயா? காலும் இடுப்பும் தள்ளணும். கை கடைசியா வந்து சேர்ந்துக்கும்" என்பார். குண்டு எறிதலின் முழு வித்தையும் அதுதான் என்று மாஷும் ஒப்புக்கொள்கிறார். பின்னங்காலில் பிறந்த வேகம் இடுப்பு திரும்பித் தோள் வழியாக விரலுக்கு வர வேண்டும். கையால் வீசப் போனால் முழங்கை போய்விடும். முதுகு வளையாமல் தூக்குவதை அவர் வயிற்றுப்பாட்டுக்காகப் பழகியிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் யாரும் இதுவரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரவில்லை.

இதில் என் சொந்தப் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 3 கிலோ, பையன்களுக்கு 5 கிலோ. பெரியவர்களில் பெண்களுக்கு 4, ஆண்களுக்கு 7.26. கோயம்புத்தூர் பட்டறையில் சொல்லி வார்த்துக் கடைந்து வாங்கிய குண்டுகளை எங்கள் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 3 கிலோ குண்டு நூறு கிராம் குறைந்தது. அதில் பழகிவிட்டுப் போனால் போட்டியன்றைக்குத் திகைத்துப் போவார்கள். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, மாற்றிக்கொண்டுதான் திரும்பினார்.

மாஷைப் பற்றி எழுதினால் திட்டுவார். எழுதுகிறேன். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தின் மாருதி உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு, இந்தப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து உடற்கல்விக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு வேலை இப்போது பலருக்குத் தெரிவதில்லை. வெறும் மண்ணில் கயிறும் டேப்பும் சுண்ணாம்பும் வைத்து ஓடுபாதை போடுவார். நம் மைதானத்தில் 200 மீட்டர் சுற்றுக்கு மேல் இடமில்லை. வெளிப்பாதையில் ஓடுகிறவரை முன்னால் தள்ளி நிறுத்தும் தூரத்துக்கு ஸ்டாகர் என்று பெயர். "அப்போ ஸ்டாகர் கணக்கே மாறிடுமே மாஷ்" என்று கணக்குப்பிள்ளை புத்தியில் கேட்டேன். சிரித்தார். பாதை அகலம் 1.22 மீட்டராக இருக்கும்வரை, ஒரு முழுச் சுற்று ஓடும் போட்டியில் இரண்டாவது பாதைக்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், அதற்கடுத்த ஒவ்வொரு பாதைக்கும் இன்னும் 7.67 கூட்ட வேண்டும். சுற்று 400 மீட்டரானாலும் 200 ஆனாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் வித்தியாசம் வளைவில்தான் வருகிறது, இரண்டு வளைவும் சேர்ந்து எப்போதும் ஒரு முழு வட்டம். இரவு வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. மறுநாள் அவரிடம் சொன்னபோது, "சந்தேகமா இருந்துச்சா?" என்றார்.

காற்றையும் அவர் கவனித்தார். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம். மழைக்காலத்தில் மேற்கிலிருந்து தள்ளும், மார்கழி தையில் கிழக்கிலிருந்து தள்ளும். பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டரிலோ நீளம் தாண்டுதலிலோ சாதனைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது பெரிய போட்டிகளுக்கு. நம் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல்: பின்காற்றில் பழகியவர்களுக்கு எதிர்காற்றில் ஓடிவரும் அடிக்கணக்கு தப்பி, தாண்டும் பலகையை மிதிக்க முடியாமல் போகும். அதனால் மணல் குழியை நடுவில் தோண்டி, இரண்டு பக்கமும் ஓடுபாதை போட்டார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் இரண்டு விதமாகவும் தாண்டிப் பழகலாம். மூங்கிலில் கட்டிய சேலைக் கிழிசல்தான் எங்கள் காற்றுமானி.

எல்லைக்காரர்களுக்கு என்று இருக்கும் காகிதத் தொல்லைகளையும் அவர்தான் தலையில் போட்டுக்கொண்டார். சில பிள்ளைகள் இங்கே பள்ளியில் படிக்கிறார்கள், சிலர் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்ப் படிக்கிறார்கள். யார் எந்த ஜில்லாவுக்கு ஓடலாம், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று இருந்தால் என்ன செய்வது, எல்லாம் அவருடைய பழைய தோல் பையில் இருந்தது. வயதைக் குறைத்துப் பதியச் சொன்ன ஒரு பெற்றோரை அவர் வாசலோடு அனுப்பிவிட்டார். எலும்பு வயதுச் சோதனையில் தெரிந்துவிடும் என்பதற்காக மட்டும் அல்ல, பக்கத்துப் பாதையில் நிற்கும் குழந்தையை ஏமாற்றுவது அது என்றார்.

அக்காவுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் தனியாக எழுதப்போகிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தடை தாண்டும் ஓட்டத்தில் மாநில அளவுவரை போய், முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். நார் அறுந்து நிறுத்த வேண்டி வந்தவர். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து கண் சிவக்க வந்து நிற்பார். பெண்களுக்கான 100 மீட்டர் தடையின் உயரம் 83.8 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் குழாயில் அதற்குப் பாதிக்கும் குறைவான உயரத்தில் தடை செய்து வைத்து, முழங்காலை மடக்கி மெதுவாக இறங்கத் தெரிந்தபிறகுதான் ஒவ்வொரு படியாக உயர்த்துவார். அம்மாக்களை உட்கார வைத்து மாதவிலக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஓடுகிற பெண்ணுக்கு அது நின்றுபோனால் பயிற்சி நன்றாக நடக்கிறது என்று அர்த்தமில்லை, சாப்பாடு போதவில்லை, எலும்பு தேயும், டாக்டரிடம் போக வேண்டும் என்றார். இதை ஒரு ஆண் பயிற்சியாளரிடம் எங்கள் பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள், நாங்களும் கேட்க விட்டிருக்க மாட்டோம்.

இன்னும் சிலர். ஈட்டிக் கட்டைப் பார்த்ததும் முகம் சுளிக்காமல் பின்சீட்டுக்குக் கீழே வைக்க விட்ட கே.எஸ்.ஆர்.டி.சி. கண்டக்டருக்கு. ரத்தச் சோகை பார்த்து இரும்பு மாத்திரை கொடுத்த ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும். குழாய்த் துண்டுகளைச் சும்மா கொடுத்த பிளம்பிங் கடைக்காரருக்கு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது ஓட வேண்டிய 1.6 கிலோமீட்டருக்காகப் பட்டாளம் சாரிடம் விடியற்காலையில் பழகும் தம்பிகளுக்கு. மைதானத்தில் ரோலர் இழுத்தது அவர்கள்தான். இடத்தை வாடகை இல்லாமல் விட்டுக்கொடுத்த தோப்புக்காரருக்கு, பெயர் போடக் கூடாது என்று அவரே சொன்னதால் போடவில்லை.

ரிசல்ட்டையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் டீக்கடையில் விடமாட்டார்கள். பள்ளிப் போட்டிகளில் உபஜில்லா அளவில் நிறைய மெடல், அதற்கு மேலான ரெவன்யூ ஜில்லாவில் கொஞ்சம், மாநிலப் போட்டிக்கு யாரும் போகவில்லை. என் மகள் ரெவன்யூ ஜில்லா ஃபைனலில் ஐந்தாவதாக வந்தாள். இரண்டு சுற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓடியிருந்தாள். பட்டாளம் சார் நோட்டில் அதை மட்டும் எழுதிக் கோடு போட்டுவிட்டு, தண்ணீர் குடி என்றார்.

ஜூனில் மழை பிடிப்பதற்குள் மைதானத்தின் மேற்கு ஓரத்தில் வடிகால் வெட்ட வேண்டும் என்று மாஷ் சொல்லியிருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மண்வெட்டியோடு வருகிறோம். மாஷ் கயிறு பிடித்துக் குறித்துக் கொடுத்தால் போதும். யூனியன் அண்ணன் அன்றைக்கு ஒரு கூடைகூடத் தூக்கக் கூடாது, இது எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அக்காவுக்குச் சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் என்றால் வர வேண்டாம், வீட்டில் தூங்கட்டும். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
பெற்றோர்கள் சார்பாக,
ஒரு 800 மீட்டர்க்காரியின் அப்பா