ஊருணியும் அரவைக் கொட்டகையும் முடிஞ்சது: ஊர்ச் சங்க உறுப்பினர்களுக்கு திருப்பணிக் கமிட்டி ஒப்படைக்கிற கணக்கு

உறவுகளே, பெரியவங்களே, வெளியூர்லயும் வெளிநாட்டுலயும் இருந்து தினமும் "என்னாச்சு என்னாச்சு"ன்னு குரூப்புல கேட்ட அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிகளே, வணக்கம். 2023 தைப் பொங்கல் அன்னைக்கு சாவடியில உக்காந்து பேச ஆரம்பிச்ச ரெண்டு வேலையும் இந்த ஆவணியோட (2025) முடிஞ்சுருச்சு. ஊருணி தூர்வாரி, கரை கட்டி, படித்துறை போட்டாச்சு. இடிஞ்சு கிடந்த சங்கக் கொட்டகை மேல கூரை போட்டு, மகளிர் குழு மசால் அரைக்கிற இடமா மாறியாச்சு. கோயில் வேலை இல்லாததுக்கு எதுக்கு திருப்பணின்னு பேருன்னு ஒருத்தர் கேட்டாரு, ஊருணித் தண்ணியக் குடிச்சுத்தான நாம எல்லாரும் வளந்தோம், அப்ப அதுவும் திருப்பணிதான்.

வேலை எப்படி நடந்துச்சுங்கிறத நீங்களே வந்து பாத்துக்குவீங்க. காசு எங்கருந்து, எப்படி வந்துச்சு, எங்க ஏமாந்தோம்ங்கிறதத்தான் இதுல எழுதுறேன், ஏன்னா பக்கத்து ஊர்க்காரங்களும் வந்து இதத்தான் கேக்குறாங்க.

முதல்ல ஏமாந்த கதை, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பொங்கல் கூட்டம் முடிஞ்ச ரெண்டாவது மாசம் ஒருத்தர் வந்தாரு, சட்டைப் பையில நாலு பேனா, "உங்க சங்கத்துக்கு 25 லட்சம் கிராண்ட் உறுதி, திருப்பிக் கட்ட வேண்டாம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு மட்டும் 15,000 அட்வான்ஸ்"னாரு. நாங்களும் குடுத்தோம். நாப்பது பக்கத்துக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, அட்டையில நம்ம ஊர் பேரு, நாலாம் பக்கத்தத் திருப்பினா "தருமபுரி மாவட்டத்தில் அமைந்துள்ள இக்கிராமத்தில்"னு போட்டுருக்கு. சிவகங்கைச் சீமையில இருக்குற ஊர ராத்திரியோட ராத்திரியா தருமபுரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு மனுசன். அதுக்கப்புறம் போன் எடுக்கல. அந்த 15,000ம் சங்கக் கணக்குல ஏறல, கமிட்டியில இருக்குற நாங்க அஞ்சு பேரும் ஆளுக்கு 3,000 போட்டு ஈடு கட்டிட்டோம், அதனால யாரும் வருத்தப்பட வேண்டாம், நாங்க பட்டுக்கிறோம்.

அதே மாசத்துல குழுவுல இருக்குற ஒரு அக்கா உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) பண்றேன்னு போன்ல தேடி, கவர்மெண்ட் சின்னம் மாதிரியே போட்டிருந்த ஏதோ ஒரு சைட்டுல 2,500 ரூபா கட்டிட்டு வந்துருச்சு. உத்யம் பதிவுக்கு காசே கிடையாதுப்பா. 2020 ஜூலையில ஆரம்பிச்சதுல இருந்து இலவசம்தான், ஆதாரும் பான் நம்பரும் இருந்தா நாமளே பண்ணிரலாம்.

அப்புறம் கம்பெனிக்காரங்க சிஎஸ்ஆர் பணம் (சமூகப் பொறுப்பு நிதி) தருவாங்கன்னு கேள்விப்பட்டு ஒரு பெரிய கம்பெனியோட ஆபீசுக்குப் போனோம். 2013 கம்பெனிச் சட்டத்துல 135வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. வருசத்துக்கு 5 கோடி லாபமோ, 1,000 கோடி விற்பனையோ, கடன் போக 500 கோடி சொத்து மதிப்போ, இதுல ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தின மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதத்தை சமூக வேலைக்குச் செலவழிக்கணும். அதனால பணம் அவங்ககிட்ட இருக்கு. ஆனா அங்க இருந்த மேடம் எங்க மனுவைப் படிக்கவே இல்ல, நேரா மூணு கேள்விதான். 12ஏ (சங்கத்துக்கு வருமான வரி விலக்கு) இருக்கா, 80ஜி (நன்கொடை குடுக்குறவங்களுக்கு வரிச்சலுகை) இருக்கா, சிஎஸ்ஆர்-1 நம்பர் (கம்பெனிப் பணம் வாங்குறதுக்கான பதிவு) இருக்கா. நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இந்த சிஎஸ்ஆர்-1 நம்பர் இல்லாம 2021 ஏப்ரலுக்கு அப்புறம் எந்தச் சங்கத்துக்கும் டிரஸ்டுக்கும் கம்பெனி சிஎஸ்ஆர் பணம் குடுக்க முடியாதாம், அந்தம்மா தன்மையாத்தான் சொல்லுச்சு, காப்பி கூட வாங்கிக் குடுத்துச்சு.

அன்னைக்கு பஸ்ஸுல திரும்பி வர்றப்ப பொருளாளர் மாமா சொன்னதுதான் சரி: "மாப்ள, நாம காசு தேடி அலையல, காகிதம் இல்லாம அலையுறோம்." வந்து பாத்தா நம்ம சங்கம் 1975 சட்டத்துல பதிஞ்சதோட சரி, வருசா வருசம் பதிவாளர்கிட்ட குடுக்க வேண்டிய கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் ஆறு வருசமா குடுக்கவே இல்ல. பழைய கமிட்டிய நான் குறை சொல்லல, அப்பவும் நான் கமிட்டியில இருந்தேன். தாமதக் கட்டணம், ஆடிட்டர் ஃபீஸ், மூணு வருசக் கணக்க எழுதி ஆடிட் பண்ணது எல்லாம் சேத்து 31,000 ரூபா சங்கப் பொது நிதியில இருந்து போச்சு. 2023 அக்டோபர்ல 12ஏ, 80ஜிக்கு விண்ணப்பம் போட்டு 2024 மே மாசம் கையில வந்துச்சு, அடுத்த மாசமே சிஎஸ்ஆர்-1 நம்பரும் வந்துச்சு. இந்த 31,000த்த "வேலைக்கு சம்பந்தமில்லாத செலவு"ன்னு ஒரு அண்ணன் குரூப்புல எழுதியிருந்தாரு, அண்ணே, அந்த 31,000 இல்லன்னா பின்னாடி கம்பெனி குடுத்த 6 லட்சம் இல்ல.

பழைய கணக்க எழுதினது யாருன்னு சொல்லணும். சிங்கப்பூர்ல இருக்குற நம்ம அண்ணன் ஒருத்தர் முதல் ஆளா 1 லட்சம் தர்றேன்னு சொன்னாரு. ஆனா அவரு அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிட்டாரு, அப்ப சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாம ஒரு ரூபா வாங்கக்கூடாது. அந்தப் பதிவு வேணும்னா சங்கம் மூணு வருசமா இயங்கியிருக்கணும், அந்த மூணு வருசத்துல 15 லட்சமாவது நற்பணிக்குச் செலவு பண்ணியிருக்கணும், நம்மகிட்ட எங்க. துபாய்ல இருக்குற தம்பிங்க இந்தியப் பாஸ்போர்ட்டு வச்சுருக்காங்க, அவங்க சொந்தச் சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்புறதுக்கு தடை இல்ல. இத அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ஒரு வாரம் போன எடுக்காமலே இருந்தேன். சொன்னதும் கோவம்தான், "நான் பொறந்த ஊருக்கு நான் அந்நியனா"ன்னு கேட்டாரு, பதில் சொல்ல முடியல. ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டு "காசு வேண்டாம்னா போ, கணக்க எழுதித் தர்றேன்"னு சொல்லி ராத்திரி ராத்திரியா வீடியோ கால்ல உக்காந்து, பிஸ்கட் டப்பாவுல கெடந்த பழைய வவுச்சர ஒவ்வொண்ணா கேமராவுல காட்டச் சொல்லி எக்செல்ல ஏத்துனாரு. உழைப்புக்கு எஃப்சிஆர்ஏ கிடையாது.

இப்ப ஊருணி. இது தமிழ்நாடு அரசோட நமக்கு நாமே திட்டத்துல எடுத்தது, 1997ல வந்த திட்டம், இடையில நின்னு போயி 2021ல மறுபடி வந்துச்சு. மக்கள் பங்கு குறைஞ்சது மூணுல ஒரு பங்கு நாம கட்டணும், மீதிய அரசு போடும். ஓவர்சியர் வந்து டேப் புடிச்சு அளந்து போட்ட எஸ்டிமேட் 12,00,000. அப்ப நம்ம பங்கு 4,00,000. தலைக்கட்டுக்கு 1,500ன்னு 162 தலைக்கட்டு, 2,43,000. துபாய், மஸ்கட் தம்பிங்க 1,12,000. சங்க இருப்புல இருந்து 45,000. டிடி எடுத்து 2024 பிப்ரவரியில கட்டினோம், ரசீது வாங்கினோம், சந்தோசமா வந்தோம், மார்ச் 16 தேர்தல் தேதி அறிவிச்சு நடத்தை விதி வந்துருச்சு. ஜூன் முதல் வாரம் வரைக்கும் புது வேலை எதையும் ஆரம்பிக்க முடியல. அந்த மூணு மாசம் எங்களக் கேட்ட கேள்வி இருக்கே, "கட்டின காச என்னடா பண்ணீங்க"ன்னு கேக்காத ஆளு இல்ல, கலியாண வீட்டுல பந்தியில உக்காந்தாக் கூட கேட்டாங்க. குடுத்தவங்க கேக்கத்தான் செய்வாங்க.

ஜூலையில டெண்டர் எடுத்தவரு ஜேசிபிய இறக்குனாரு. வண்டல் அள்ளுறதுக்கு தாசில்தார் அளவுலயே அனுமதி குடுக்கலாம்னு அந்த வருசம்தான் மாத்தியிருந்தாங்க, அதனால நம்ம விவசாயிங்க மனு போட்டு அவங்கவங்க டிராக்டர்ல வயலுக்கு அடிச்சுக்கிட்டாங்க, மண்ண எங்க கொட்டுறதுங்கிற தலைவலி தீந்துச்சு. வரத்துக்கால்ல இருந்த வேலிக்கருவைய வெட்டுனது நம்ம பசங்க, அதுக்குக் காசு கிடையாது, பரோட்டாதான். ஐப்பசி மழைக்கு முன்னாடி படித்துறையும் முடிஞ்சுருச்சு, தீபாவளி கழிச்சு பெஞ்ச மழையில ஏழு படி முங்குச்சு.

ஒரு தப்பு பண்ணோம், சொல்லிடுறேன். ஊருணி வேலை முடிஞ்ச பிறகு அதுக்கு வேலி போட, மரம் வைக்க, நாம கட்டின பங்கக் கூட ஈடு கட்டிக்கலாமான்னு அதே கம்பெனிகிட்ட கேட்டோம். முடிஞ்ச வேலைக்கு அவங்க பணம் தர மாட்டேன்னுட்டாங்க. கேக்குறத வேலைக்கு முன்னாடியே கேட்டுறணும். ஆனா கொட்டகையப் பத்திச் சொன்னதும், பொம்பளைங்க வாழ்வாதாரம்னு அவங்க பட்டியல்ல வருதுன்னு நேர்ல பாக்க வந்தாங்க.

வந்தவங்க கேட்டது "வேலைக்கு முந்தைய போட்டோ". பசங்க ஆர்வக்கோளாறுல பழைய ஓட்ட முந்தின வாரமே இறக்கிட்டாங்க, யாரும் போட்டோ எடுக்கல. ஊரே போன வச்சுக்கிட்டு ஒரு போட்டோ இல்ல. கடைசியில ஒரு அத்தாச்சி வீட்டுக் காதுகுத்து ஆல்பத்துல, மாமன் மடியில புள்ள அழுதுகிட்டு இருக்க, அதுக்குப் பின்னாடி சாஞ்ச கூரையும் ஒடஞ்ச ஓடுமா நம்ம கொட்டகை தெளிவாத் தெரியுது. கம்பெனி ஃபைல்ல இன்னைக்கும் அந்தப் போட்டோதான் இருக்கு. அதுக்கப்புறம் நடந்த எல்லா வேலைக்கும் லொகேஷன் ஆன் பண்ணி எடுத்தோம்.

கொட்டகை எஸ்டிமேட் 7,40,000, கம்பெனி தந்தது 6,00,000, முதல் தவணை 3,60,000, ரெண்டாவது 2,40,000. மீதி 1,40,000 உள்ளூர் நன்கொடை. ரெண்டாவது தவணை ரெண்டு மாசம் நின்னு போச்சு, காரணம் ஒரே ஒரு பில்லு. எம்-சாண்ட் எறக்குனவரு வெள்ளைத்தாள்ல "மணல் 3 லோடு"ன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, நாங்களும் வாங்கி வச்சுட்டோம். யூசியோட (பணத்தச் செலவழிச்சதுக்கான சான்று) அதக் குடுத்தா ஆடிட்டர் நிறுத்திட்டாரு. எம்-சாண்ட்காரரத் தேடிப் புடிச்சு ஜிஎஸ்டி பில்லு வாங்குறதுக்குள்ள ரெண்டு டயர் தேஞ்சுருச்சு. வேலை முடிஞ்ச மொத்தச் செலவு 7,86,500. கூடுதலா ஆன 46,500 பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் கனெக்ஷனுக்கும் வயரிங்குக்கும், இத எஸ்டிமேட்டுல சேக்க மறந்தது செயலாளரான என் தப்பு. பொங்கல் விளையாட்டுப் போட்டி மிச்சம் 18,500 அதுல போட்டோம், 28,000 பொருளாளர் மாமா கைமாத்தா குடுத்துருக்காரு.

அரவை மிஷின் விசயம் தனி, அது சங்கப் பணம் இல்ல, குழுவோடது, ஆனா நிறைய பேரு குழப்பிக்கிறீங்க. மானியம்னா சும்மா கையில குடுக்குற காசுன்னு நெனைக்க வேண்டாம். பிஎம்இஜிபிங்கிற மத்திய அரசு மானியக் கடன் திட்டத்துல கிராமத்துப் பொம்பளைங்களுக்கு 35 சதவீத மானியம், கைக்காசு 5 சதவீதம் போதும், ஆனா அது புதுசா தொடங்குற தொழிலுக்கு. நம்ம குழு நாலு வருசமா வீட்டுலயே இட்லிப் பொடி, மசால் பொடி போடுது, அதனால உணவு பதப்படுத்துற குறுந்தொழிலுக்கு இருக்குற பிஎம்எஃப்எம்இங்கிற மத்திய அரசுத் திட்டத்துல போனோம். குழுத் தலைவி அக்கா பேர்ல 5,00,000 திட்டம், கைக்காசு 50,000, பேங்க் லோன் 4,50,000. மானியம் 35 சதவீதம், 1,75,000. அது வந்துருச்சு, ஆனா பேங்குல தனிக் கணக்குல தூங்குது. கடைசித் தவணை லோன் வாங்கி மூணு வருசம் ஒழுங்கா கட்டி, தொழிலும் ஓடிக்கிட்டு இருந்தாத்தான் அது லோன்ல கழியும், தவணை நின்னா மானியமும் போச்சு. குழுவுல எட்டுப் பேருக்கு ஆளுக்கு 40,000 தொடக்க நிதி 3,20,000 மகளிர் குழுக்கள் கூட்டமைப்பு வழியா வந்துச்சு, அதுவும் சுழற்சிக் கடன்தான், குழுவுக்குத் திருப்பிக் கட்டணும்.

இதுக்கு மாவட்டத் தொழில் மையத்துல சொன்னா, மாவட்ட வள நபர்னு ஒருத்தர அனுப்புவாங்க, விண்ணப்பம் போடுறதுல இருந்து பேங்க்ல பேசுற வரைக்கும் அவரு வேலை. அவருக்கு திட்டத்துலயே ஃபீஸ் உண்டு, நாம டீ வாங்கிக் குடுத்தாப் போதும். நாலு பேனாக்காரருக்கு 15,000 குடுத்துட்டு இத நாங்க தெரிஞ்சுக்கிட்டது ஒரு வருசம் கழிச்சு.

பேங்குல ரெண்டு தடவ திருப்பி அனுப்புனாங்க, எந்த பேங்குன்னு வேண்டாம். மூணாவது தடவ அக்கா பேப்பரோட போகல, வறுத்து அரைச்ச மல்லிப் பொடி கால் கிலோவும், நாலு வருசமா எழுதுன கடன் நோட்டும் கொண்டு போச்சு. யார் வீட்டுக்கு எத்தன பாக்கெட்டு, எவ்வளவு பாக்கின்னு பென்சில்ல எழுதுன நோட்டு. மேனேஜர் பொடிய மோந்து பாத்தாரு, நோட்ட அரை மணி நேரம் படிச்சாரு, லோன் ஆச்சு.

80ஜி ரசீது கேட்டவங்களுக்கு: 2024 மேக்கு முன்னாடி குடுத்ததுக்கு கிடையாது, 2,000க்கு மேல ரொக்கமா குடுத்திருந்தாலும் வரிச்சலுகை வராது, அதுக்கு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க. பேங்க்ல போட்டவங்க பான் நம்பர் அனுப்பினா ரசீது வரும்.

பில்லு ஃபைல் மூணும் சங்கப் பீரோவுல இருக்கு, சாவி என்கிட்ட, ஞாயித்துக்கிழம சாயங்காலம் யாரும் வந்து பாக்கலாம். மாமாவோட 28,000 பாக்கி நிக்குது. குழு கொட்டகைக்கு மாசம் 1,500 வாடகை தர்றதாப் பேசியிருக்கு, அதுல கழிச்சா பத்தொம்பது மாசம் ஆகும். மாமா பொறுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. அத்தைகிட்ட இன்னும் யாரும் பேசல.