பழி கணினிமேல், பிழை மென்பொருளில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், படத்தில் ஒரு பகுதியைத் தேர்வு செய்தாலே கணினி திணறுகிறது என்று கேட்ட வாசகருக்கு, "பழைய கணினியை மாற்றுவதே ஒரே தீர்வு" என்று பதில் அளித்திருந்தீர்கள். அந்த "ஒரே" என்ற சொல்லைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

நான் திருமண ஆல்பம் வடிவமைப்பவன். 12-க்கு 36 அங்குலப் பக்கம், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள். ஒரு பக்கத்துக்கே ஏறத்தாழ 3.9 கோடி பிக்சல்கள். அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல லேயர்கள் (பட அடுக்குகள்). மணப்பெண்ணின் தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தை ஒத்த நிறப் பகுதியைப் பிடிக்கும் மேஜிக் வாண்ட் கருவியால் தேர்வு செய்தால், தேர்வைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் நகர வேண்டிய புள்ளிக்கோடு நின்று நின்று நகரும். மவுஸை நகர்த்தினால் கர்சர் பிறகுதான் வந்து சேரும். அதே படத்தில், அதே கணினியில், தேர்வை நீக்காமல் அந்தக் கோட்டை மட்டும் மறைத்துப் பார்த்தேன். திணறல் உடனே நின்றது. மூன்று கோடிக்கு மேற்பட்ட பிக்சல்களைத் தாங்கும் கணினி ஒரு கோட்டுக்கு எப்படித் தோற்கும்? தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோடு ஒவ்வொரு முறை நகரும்போதும் மென்பொருள் அடியில் இருக்கும் லேயர்களையெல்லாம் மறுபடி கலந்து, திரை முழுவதையும் புதிதாக வரைகிறது என்றே தோன்றுகிறது. கோளாறு அங்கே இருக்கிறது.

சாதாரண 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். அதன் நான்கு ஓரங்களையும் சுற்றி ஒரு கோடு போட்டாலும் 6,000 புள்ளிகளைத் தாண்டாது. மாறிய இடத்தை மட்டும் வரைந்தால் போதும் என்பது நிரல் எழுதுவோர் பல காலமாக அறிந்த பாடம். 1984-இல் வந்த மேக்பெயின்ட் என்ற ஓவிய நிரலில் அதை எழுதிய பில் அட்கின்சன் இந்த எறும்புகளை நகர வைத்தபோது, அது ஓடிய ஆப்பிளின் மேகின்டாஷ் கணினியில் இருந்தது 8 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரும் 128 கிலோபைட் நினைவகமும்தான். அன்று திரை சிறியது, கறுப்பு வெள்ளை என்பீர்கள். உண்மைதான். மல்லிகைச் சரத்தின் விளிம்பு ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாக உடைகிறது என்பதும் உண்மை. ஆனால் தேர்வு மாறாதவரை அந்தத் துண்டுகள் மாறப்போவதில்லை. ஒருமுறை கணக்கிட்டுச் சேமித்து வைக்கலாம். படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது ஒரே புள்ளியில் விழும் துண்டுகளை விட்டுவிடலாம். முன்பெல்லாம் இத்தகைய கோடுகளை எக்ஸார் முறையில் வரைவது வழக்கம். அதே இடத்தில் இரண்டாம் முறை வரைந்தால் பழைய படம் அப்படியே திரும்பிவிடும், அடியில் இருப்பதைத் தொடவே வேண்டாம். இன்றைய திரை அமைப்புகளுக்கு அது பொருந்தாது என்றால், கோட்டைத் தனி அடுக்கில் வரைந்து படத்தின்மேல் வைக்கலாமே. இவற்றில் எதற்குப் புதிய கணினி வேண்டும்?

இந்த ஒரு பதிலோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அச்சுக்கு அனுப்பும்போது தமிழ் எழுத்துகள் உடைவதைப் பற்றி ஒருவர் கேட்டபோதும் "ராம் கூட்டுங்கள்" என்றுதான் பதில் வந்தது. ஸ்கேனர் டிரைவர் பற்றிக் கேட்டவருக்கும் அதேதான். விலை உயர்ந்த செல்போன்களின் மதிப்புரைக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள். கடன் வாங்கி ஒரு கணினி வைத்துத் தொழில் செய்யும் சிறு ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு பத்திகூட இல்லை. தங்கள் பதிலை நம்பி எங்கள் தெருவில் ஒருவர் கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். கோடு இன்றும் அதே வேகத்தில்தான் நகர்கிறது. தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. இதற்கு முன் நான் எழுதிய நீண்ட கடிதம் இரண்டு வரிப் பாராட்டாகச் சுருங்கி வெளியானது. குறை சொன்ன பகுதி முழுவதும் காணாமல் போயிருந்தது. தங்கள் இதழைத் தொடக்கத்திலிருந்து வாங்கிப் பாதுகாக்கும் ஒருவனுக்கு அது வலிக்காதா, ஐயா?

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அந்தப் பதிலுக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: தேர்வை நீக்காமல் கோட்டை மட்டும் மறைக்க கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் கண்ட்ரோல் டி (Ctrl+T), போட்டோஷாப்பில் கண்ட்ரோல் எச் (Ctrl+H). கிம்பில் எறும்புகள் நகரும் வேகத்தைக் குறைக்கவும் அமைப்பு உண்டு. கோட்டை மறைத்ததும் திணறல் நின்றால் பணம் செலவழிக்க வேண்டாம், படத்தின் அளவையும் லேயர் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு மென்பொருளை உருவாக்குவோருக்கு எழுதுங்கள் என்றும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இடம் போதாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் வருத்தத்தை வெட்டிவிடுங்கள். கோட்டை மறைக்கும் வழியை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஆல்பம் வடிவமைப்பாளர் ஒருவர்,
தேனி.