தேர்வு இரவும் மறுநாள் மதிப்பெண்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' முடிந்த மறுநாளே, எந்த அணி சரியாகத் தேர்ந்தெடுத்தது, எந்த அணி கோட்டை விட்டது என்று அணிவாரியாக மதிப்பெண் போட்டு விளையாட்டுப் பக்கங்கள் வெளியிடுவதும், அதை வைத்துக்கொண்டு ரசிகர்கள் தங்கள் அணி நிர்வாகத்தைப் புகழ்வதும் வசைபாடுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. பல ஆண்டுகள் அப்படி வசைபாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்தப் பழக்கத்தைப் பற்றிச் சில கருத்துகளை எழுத விரும்புகிறேன்.

ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 30 அணிகள், இரண்டு சுற்றுகள், மொத்தம் 60 இடங்கள் என்று அமைந்த இந்தத் தேர்வில், தோற்ற அணிக்கு நம்பிக்கை தருவதற்காகவே முன்னிடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அதிலும் உறுதி கிடையாது; முதல் சில இடங்கள் யாருக்கு என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. 2019இல் வந்த விதி, மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கத் தலா 14 விழுக்காடு வாய்ப்பை மட்டுமே கொடுத்தது. 2025இல் வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்புடன் குலுக்கலுக்குப் போன டல்லாஸ் அணி முதலிடத்தை அள்ளிக்கொண்டு போனது. பருவம் முழுவதும் தோல்வியைப் பார்த்துச் சலித்த ஒருவருக்கு ஆறுதலாக மிஞ்சுவது அந்த ஓர் இரவுதான். அன்று அவர் உணர்ச்சிவசப்படுவதில் வியப்பில்லை. என் குறை அவருடைய உணர்ச்சியின் மேல் அல்ல, அவர் கையில் வைத்திருக்கும் அளவுகோலின் மேல்.

2015ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். 82 ஆட்டங்களில் 17இல் மட்டுமே வென்றிருந்த நியூயார்க் அணி, நான்காம் இடத்தில் லாட்வியாவைச் சேர்ந்த கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸைத் தேர்ந்தெடுத்தபோது அரங்கிலிருந்த அந்த அணியின் ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்த்தனர். ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த அவருடைய ஆட்டத்தை அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்பது ஐயத்துக்குரியது. முதல் பருவத்திலேயே அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகங்களைக் கொண்ட முதல் ஐவர் அணியில் இடம்பெற்றார். கூச்சலிட்ட கூட்டமே அவருக்காகக் கை தட்டியது. ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. மறு ஆண்டு நியூயார்க் அவரை டல்லாஸுக்கு மாற்றிவிட்டது. அவர் சாம்பியன் பட்டம் வென்றது 2024இல், பாஸ்டன் அணிக்காக. அப்படியானால் கூச்சலிட்டவர்கள்தாம் சரியாகக் கணித்தார்களா? 2018இல் கிழியப்போகும் முழங்காலை 2015இல் அறிந்தா அவர்கள் கத்தினார்கள்? முடிவு தம் பக்கம் சாய்ந்துவிட்டால் காரணமும் தம்முடையதே என்று சொல்லிக்கொள்ளும் வசதி நம் எல்லோரிடமும் இருக்கிறது.

இந்த வசதியின் பழைய உதாரணம் 1984. ஹூஸ்டன் முதலில் ஹக்கீம் ஒலஜுவானையும், போர்ட்லண்ட் இரண்டாவதாக சாம் போவியையும் எடுக்க, மூன்றாவதாக மைக்கேல் ஜோர்டன் சிகாகோவுக்குக் கிடைத்தார். நாற்பதாண்டுகளாகப் போர்ட்லண்ட் நகைப்புக்கு ஆளாகிவருகிறது. ஜோர்டனை ஹூஸ்டனும்தான் விட்டது; ஆனால் ஒலஜுவான் 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் பெற்றுத் தந்துவிட்டதால் அதை யாரும் குறை சொல்வதில்லை. ஜோர்டன் ஆடும் அதே இடத்தில் ஆடக்கூடிய கிளைட் டிரெக்ஸ்லரை முந்தைய ஆண்டே எடுத்து வைத்திருந்த போர்ட்லண்டுக்கு, அன்று தேவைப்பட்டவர் உயரமான நடுக்கள வீரர் ஒருவர்தான். அந்தத் தேவையைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் பழிப்பது வேறொன்றை. கால் எலும்பு முறிவால் கல்லூரியில் இரண்டு முழுப் பருவங்களை போவி இழந்திருந்தார் என்பது அந்த இரவிலேயே எல்லோரும் அறிந்த செய்தி. தெரிந்த ஆபத்தைக் குறைத்து எடை போட்டதுதான் போர்ட்லண்டின் பிழை. ஜோர்டன் ஆறு பட்டம் வெல்வார் என்று அறியாதது பிழையாகாது. ரசிகர்களின் கேலியோ இரண்டாவதை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அதே போர்ட்லண்ட் 2007இல் கெவின் டுரான்டை விட்டு கிரெக் ஓடனை முதலிடத்தில் எடுத்தது. ஓடன் முழங்கால் அறுவை சிகிச்சையால் முதல் பருவம் முழுவதையும் இழந்தார். அந்த அணிக்காக அவர் ஆடியவை மொத்தம் 82 ஆட்டங்கள், அதாவது ஒரே ஒரு பருவத்தின் அளவு. 1984ஐயும் 2007ஐயும் ஒரே கயிற்றில் கட்டி 'பஸ்ட்', அதாவது வீணாய்ப்போன தேர்வு, என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால் ஓடனைத்தான் அன்று பெரும்பாலான நிபுணர்களும் முதலிடத்தில் வைத்திருந்தனர் என்பதை அந்த முத்திரை மறைத்துவிடுகிறது.

ரசிகர்களின் கோபம் முற்றிலும் நியாயமாக இருந்த நேரமும் உண்டு. 2018இல் இரண்டாம் இடம் கிடைத்த சாக்ரமெண்டோ, லூக்கா டான்சிச்சை விட்டுவிட்டு மார்வின் பேக்லியை எடுத்தது. டான்சிச் அப்போதே 19 வயதில் ரியல் மாட்ரிட் அணியுடன் ஐரோப்பாவின் உயரிய கோப்பையை வென்று, அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதையும் பெற்றிருந்தார். கல்லூரி மாணவர்களோடு ஆடி அல்ல, முதிர்ந்த தொழில்முறை வீரர்களோடு மோதிப் பெற்ற விருது அது. இங்கே ரசிகர்கள் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டியிருக்கவில்லை. கண்முன்னே இருந்த சான்றைச் சுட்டிக் காட்டினால் போதுமாக இருந்தது. முதலிடத்தில் இருந்த பீனிக்ஸும் அவரை எடுக்கவில்லை என்பதையும், பீனிக்ஸ் 2021இல் இறுதிச் சுற்றை எட்டியதும் அந்தக் கேள்வி சற்றே அடங்கிப்போனதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கலாம்.

மறுநாள் மதிப்பெண்ணில் அறவே இடம்பெறாத ஒன்று, தேர்ந்தெடுத்த பிறகு அணி அந்த வீரரை எப்படி வளர்க்கிறது என்பது. கிரேக்க இரண்டாம் நிலைத் தொடரிலிருந்து 2013இல் 15ஆம் இடத்தில் மில்வாக்கி எடுத்த ஒல்லியான இளைஞர் யானிஸ் அண்டெடோகும்போ, முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 6.8 புள்ளிகள் எடுத்தார். அந்த எண்ணை வைத்து அன்று தீர்ப்பு எழுதியவர்கள், 2019இலும் 2020இலும் மிகச் சிறந்த வீரர் விருதையும் 2021இல் கோப்பையையும் அவர் வென்றபோது என்ன நினைத்திருப்பார்களோ! நிகோலா யோக்கிச்சின் கதை இன்னும் சுவையானது. 2014இல் 41ஆம் இடத்தில் அவரை எடுத்ததற்காக டென்வர் நிர்வாகத்தைத் தீர்க்கதரிசிகள் என்று இன்று கொண்டாடுகிறார்கள். அதே இரவில், முதல் சுற்றிலேயே, யூசுஃப் நுர்கிச் என்ற மற்றொரு நடுக்கள வீரரை அதே நிர்வாகம் பெற்றுக்கொண்டதை யாரும் நினைவுகூர்வதில்லை. மூன்று முறை மிகச் சிறந்த வீரர் விருது பெறப்போகிறவர் யோக்கிச் என்று தெரிந்திருந்தால், அவர்கள் 41 வரை காத்திருந்திருப்பார்களா? அவருக்காகப் பொறுமையாக ஆட்ட முறையையே மாற்றி அமைத்ததுதான் டென்வரின் உண்மையான சாதனை. பாராட்டு அந்த இரவைவிட அடுத்த பல ஆண்டுகளுக்கே சேர வேண்டும்.

இடையில் ஒரு சொல்: 2015இல் 52ஆம் இடத்தில் டல்லாஸ் தேர்ந்தெடுத்த சத்னாம் சிங், என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் இந்தியர். அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்திலும் அவர் களமிறங்கவில்லை என்பதைச் சொல்லி அவரைத் தோல்வி என்று எழுதுவோர் உண்டு. இரண்டாம் சுற்றின் பின்பகுதியில் தேர்வாகும் வீரருக்கு ஒப்பந்த உறுதியே கிடையாது. அந்த இடத்துக்கு உரிய அளவுகோலும் முதலிடத்துக்கு உரிய அளவுகோலும் ஒன்றாக இருக்க முடியாது.

அவசரம் ரசிகர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுகளே உறுதியானவை. மூன்றாம் ஆண்டும் அவரை வைத்துக்கொள்வதா என்பதை, அவர் ஒரே ஒரு பருவம் ஆடி முடித்த நிலையிலேயே அணி சொல்லியாக வேண்டும். நிர்வாகத்துக்கு அந்தக் கட்டாயம் இருக்கிறது. நமக்கும் நாளிதழுக்கும் அது இல்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்த மறுநாள் மதிப்பெண்களுக்குப் பதிலாக, ஒவ்வோர் அணியும் எந்தத் தேவையை முன்னிட்டு யாரை எடுத்தது, அந்த வீரரைப் பற்றி அன்று தெரிந்த நிறைகுறைகள் என்னென்ன என்று நான்கைந்து வரிகள் எழுதுங்கள். வாசகர் கடிதங்களையும் அன்றே பெற்று வெளியிடுங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே பக்கத்தில், அந்த வரிகளையும் எங்கள் கடிதங்களையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் மறுபடி அச்சிட்டு, பக்கத்திலேயே அந்த வீரர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று குறிப்பிடுங்கள். அந்தப் பக்கத்தின் முதல் கடிதமாக என்னுடையது இருந்தாலும் எனக்குத் தடையில்லை. 2014இல் யோக்கிச்சின் பெயரை வாசிக்காமலேயே பக்கத்தைப் புரட்டியவன் நான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்