நெல்லைப் பற்றித்தான் கேட்கிறேன்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன் சுகம் அறிய ஆவல். இம்முறை அந்த வரியை வழமைக்காக எழுதவில்லை, பிள்ளை.

காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. பெரியம்மாவின் காணி விஷயம் ஒருவாறு தீர்ந்தது, அதை இனி யோசிக்காதே. வேறு புதினம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

சென்றமுறை வந்தபோது நீ விறாந்தையில் இருந்து சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தேன். இந்த நாட்களில் அதைத்தான் படிக்கிறேன். டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக் கிடக்கிறது என்பது வரைக்கும் நானே வகுப்பில் படிப்பித்தவன். அந்தப் புரதத்தின் வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சிறு மெதைல் கூட்டத்தைப் பொருத்தி, எந்தப் பரம்பரையலகு இயங்கலாம், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்பதில் கைவைக்கும் நொதியங்கள் இருப்பதை என் மகளிடம்தான் கற்றேன். 27ஆம் இடத்து லைசினில் மூன்று மெதைல் ஏறினால் அந்த இடம் அடங்கும். 36ஆம் இடத்து லைசினில் ஏறினால் பெரும்பாலும் இயங்கும். அதே மெதைல், அதே புரதம், ஒன்பது இடம் தள்ளினால் எதிர்மாறான பலன்! வாசிகசாலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிவிட்டேன். யார் கண்டுபிடித்தது என்று கேட்டால், என் மகள் அந்தத் துறையில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்வேன்.

சில சந்தேகங்கள் உண்டு. நீங்கள் ஆய்வுகூடத்தில் வளர்க்கும் அராபிடோப்சிஸ் என்ற சிறு செடியின் கதை விளங்குகிறது. வாரக்கணக்கான குளிரில், பூப்பதைத் தடுக்கும் எஃப்எல்சி என்ற அலகின் மீது 27ஆம் லைசினின் குறி படிகிறது. குளிர் போன பின்னும் அது நிலைக்கிறது. விதை உருவாகும்போது அழிந்து, அடுத்த தலைமுறை தன் குளிருக்குப் புதிதாகக் காத்திருக்கிறது. ஆனால் எங்கள் வன்னி நெல்லுக்குக் குளிர் ஏது? பழைய நெடுங்கால இனங்கள் பகல் குறுகினால்தான் குடலைக்கு, அதாவது கதிர் உள்ளே திரளும் பருவத்துக்கு, வரும். அதிலும் இந்த நொதியங்களுக்குப் பங்கு உண்டு என்றாய். 36ஆம் லைசினில் வேலை செய்யும் எஸ்டிஜி724 என்ற நொதியம் பழுதான நெல், நெடுநாள் இலையும் தண்டுமாக நின்று பிந்திப் பூப்பதை 2012இல் காட்டினார்கள் என்றும் சொன்னாய். பிந்தினாலும் அது பூக்கிறதுதானே? நெல்லைப் பற்றித்தான் கேட்கிறேன். நீ வளர்த்த பயிர் இப்போது எந்த மட்டில் நிற்கிறது? ஆவணியில் கதிர் எண்ணப்போகிறேன் என்றாய். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

சின்ன மாமாவின் மகன் உன்னை வேலைநாளில் ஏதோ கடையின் காசுமேசையில் கண்டதாகச் சொன்னான். அவன் எதையும் அரைகுறையாகப் பார்த்துப் பேசுகிறவன். கண்டது வேறு யாரையோ. நீயாகவே இருந்தாலும், படிப்போடு பகுதிநேர வேலை செய்வது அங்கே வழமைதானே. அம்மாவுக்கு நான் சொல்லவில்லை.

விசுவமடுவில் தறப்பாள் கொட்டிலுக்குள் ஜாம்போத்தல் விளக்கில் படித்தவள் நீ. அப்போது புள்ளி குறைந்த தாளை முதலில் என்னிடம்தான் கொண்டுவருவாய். இப்போது இரண்டு வரிக் குறுஞ்செய்தி வருகிறது, அதுவும் அம்மாவுக்கு. அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உன்னைப் போல் உழைத்த பிள்ளையை நான் படிப்பித்த எந்த வகுப்பிலும் காணவில்லை. அப்படிப்பட்டவள் அப்பாவுக்கு ஒரு வரி எழுத முடியாமல் போவது ஏன்?

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தனியே நடந்து வராதே. காசு வேண்டுமென்றால் கேள். மேட்டுக்காணியை விற்க வேண்டிவரும் என்று நினைத்துப் பேசாமல் இருக்காதே. சிறுபோக நெல் விற்ற காசு அப்படியே இருக்கிறது. டிக்கெட்டுக்கும் காணும்.

வருகிற திங்கட்கிழமை அம்மாவும் பெரியம்மாவும் காலை பஸ்ஸில் வற்றாப்பளைக் கோயிலுக்குப் போகிறார்கள். பின்னேரம்தான் திரும்புவார்கள். அந்த நேரம் கோல் எடு. வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அன்பு அப்பா