சூதாடி படிச்சி முடிச்ச பாப்பாவுக்கு

பாப்பா,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் முழுசும் கேட்டேன், பாதி பஸ்சுல, பாதி சமைச்சிக்கினே. போன் பண்ணா நீ நடுவுல நடுவுல பூந்து பேசுவ, என்னால ஒண்ணயும் முழுசா சொல்ல முடியாது, அதான் டைப் பண்றேன், எழுத்துத் தப்பு இருந்தா கண்டுக்காத.

ரஷ்யா எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியோட சூதாடி நாவல் உனக்குப் புடிக்கலன்னு சொன்ன. அதுல சூதாடற அந்த அலெக்சேய் ஒரு லூசு, அவ்ளோ துட்டு ஜெயிச்சதும் எழுந்து வந்திருக்கலாம், போலினா மேல அவனுக்கு லவ்வே கெடையாது, இருந்தா எதுக்கு அந்த ரூலெட் சக்கர சூதாட்டம் பக்கம் போறான்னு கேட்ட. சரி. அப்புறம் அதே மெசேஜ்ல, மூச்சு கூட விடாம, உன் கிளாஸ் பையன் ஒருத்தன் போன்ல கேம் ஆடி துட்ட வுட்டுட்டு லேப்டாப்ப அடகு வச்சிட்டான், "ஆனா விக்கலம்மா, அடகு தான், அடுத்த மாசம் மீட்டுடுவான்"ன்ற. பொஸ்தகத்துல கீறவன லூசுன்னுட்டு இவனுக்கு மட்டும் சப்போர்ட்டா? காசு கட்டி ஆடற ஆன்லைன் கேம நாடு முழுக்க தடை பண்ணி 2025 ஆகஸ்ட்லயே சட்டம் வந்துடுச்சே, இவன் எந்த ஆப்புல ஆடறானோ, அது வேற கதை. வித்துட்டான்னு நீ சொல்லியிருந்தா நான் இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டேன். அடகுன்னதும் தான் பக்குனு ஆச்சு.

ஏன்னா உங்க தாத்தா, எங்க நைனா, வாழ்நாள்ல ஒரு சாமானயும் வித்ததில்ல. எல்லாம் அடகு தான்.

அவருக்கு லாட்டரி. குடியாத்தத்துல லுங்கி தறி ஓட்டிக்கினு இருந்தாரு, சனிக்கெழம கூலி கைக்கு வந்தா நேரா பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த லாட்டரிக் கடைக்குத் தான் போவாரு. இந்தப் பக்கம் ஆம்பூர் அந்தப் பக்கம் வேலூர், அதத் தாண்டிப் போகாத மனுஷன், ஆனா சிக்கிம், நாகாலாந்து, பூட்டான்னு பக்கத்துத் தெரு மாதிரி பேசுவாரு, அங்க பம்பர் எப்ப குலுக்கல்னு தெரியும். 1968ல அண்ணா காலத்துல அரசாங்கமே லாட்டரி ஆரம்பிச்சப்போ "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு"ன்னு சொன்னாங்க இல்ல, அத வேற சொல்லிச் சொல்லி சிரிப்பாரு. எங்கம்மா, உன் ஆயா, பீடி சுத்திக்கினே, "நாடு நல்லாத் தான் கீது, வூடு தான் ஒழுவுது"ன்னு சொல்லும், நெஜமாவே ஒழுவும்.

நீ லவ் இல்லன்னியே, அதுக்குத் தான் இத சொல்றேன். எனக்கு ஆறோ ஏழோ வயசு இருக்கும், கால்ல வெள்ளிக் கொலுசு. அத கழட்டணும், திருகு இறுகிக் கெடக்குது. நைனா என் கால எடுத்து அவர் தொடை மேல வச்சிக்கினு, தேங்காண்ணய விரல்ல தொட்டு கணுக்கால் சுத்தி தடவி, "வலிக்குதா கண்ணு, வலிச்சா சொல்லு"ன்னு கேட்டுக்கினே மெதுவா மெதுவா திருகுறாரு. கழட்டி முடிச்சி காலுக்கு ஒரு முத்தம் வேற. நேரா சேட்டு கடைக்குப் போயி வச்சிட்டு வந்துட்டாரு. அந்த எண்ணெ தடவினது நடிப்புன்னு இன்னிக்கும் என்னால நெனக்க முடியல. என் மேல உசுரு அவருக்கு. அதனால தான் அத விக்க மனசு வரல, அதனால தான் வைக்க முடிஞ்சிது, ஏன்னா அவர் கணக்குல கொலுசு எங்கயும் போகல, அடுத்த குலுக்கல் வரைக்கும் சேட்டு பீரோவுல தூங்குது, அவ்ளோ தான். வித்தா தோத்துட்டோம்னு ஒத்துக்கணும் பாரு, வச்சா ஒத்துக்க வேணாம்.

மீட்டதெல்லாம் ஆயா. மடியில மொறத்த வச்சிக்கினு, நனைச்ச எலைய தகட்டு அச்சு வச்சி கத்திரியில வெட்டி, தூள் போட்டு உருட்டி, மொனைய மடிச்சி நூல் கட்டி, ஆயிரம் பீடி முடிச்சா தான் ஒரு கூலி. அடகுச் சீட்டெல்லாம் பீடிக் கம்பெனி பாஸ்புக்குல சொருவி வச்சிருக்கும். நீ கிளாஸ்ல உசுரா நெனக்கிற பொருள் பத்தி எழுதினதுல நம்ம பித்தள அண்டாவும் இருந்துச்சே, அடியில பழைய எடை எழுதியிருக்கும்னு கூட எழுதியிருந்த, அது எடை இல்லடி, சேட்டு கடைக்காரன் பெயின்ட்டுல போட்ட சீட்டு நம்பர். ஒவ்வொரு தடவ போகும்போதும் பழசுக்குப் பக்கத்துல புதுசு. ஆயா புளி போட்டு வெளிய எல்லாம் தேய்க்கும், அடிய மட்டும் தேய்க்காது. ஏன்னு நானும் கேட்டதில்ல.

2003 ஜனவரியில ஜெயலலிதா லாட்டரிய தடை பண்ணாங்க. கடைய மூடிட்டாங்க, நைனா ஒரு வாரம் காச்சல் வந்தவரு மாதிரி திண்ணையிலயே கெடந்தாரு. அப்புறம் டீக்கடையில திருட்டுத்தனமா மூணு நம்பர் எழுதறாங்கன்னு போனாரு, ஆனா முன்ன மாதிரி இல்ல, கடை கண்ணுல படாததே பாதி கொறச்சிடுச்சி. திருந்துனாருன்னு சொல்ல மாட்டேன், கொறஞ்சிது.

நீ முன்னுரைய தாண்டிட்டு தான் படிச்சிருப்பன்னு தெரியும். அந்த நாவல தஸ்தயெவ்ஸ்கி 1866 அக்டோபர்ல 26 நாள்ல வாயால சொல்லச் சொல்ல அன்னான்னு இருபது வயசுப் பொண்ணு சுருக்கெழுத்துல எழுதிச்சி. நவம்பர் 1க்குள்ள குடுக்கலன்னா ஒம்போது வருஷத்துக்கு அவரு எழுதறத எல்லாம் பப்ளிஷர் காசே குடுக்காம போட்டுக்கலாம்னு அக்ரிமென்ட்டு, கடன் அப்படி. அடுத்த வருஷம் அந்தப் பொண்ணையே கட்டிக்கினாரு. அந்த 1867லயே ஜெர்மனியில பாடன் பாடன்ற ஊர்ல சூதாடி, கல்யாணத்துக்கு அவரே வாங்கிக் குடுத்த கம்மலையும் ப்ரூச்சையும் அடகு வச்சாரு! அலெக்சேய் கடைசி காச கையில வச்சிக்கினு நாளைக்கு எல்லாம் முடிஞ்சிடும்ங்கறான் பாரு, அத எழுதின ஆளு தான் அடுத்த வருஷம் பொண்டாட்டி கம்மல கொண்டு போறாரு. அறிவு இல்லாமலா? 1871ல தான் சூதாட்டத்த வுட்டாரு.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வரேன். மீட்கத் தான் கேக்கறேன்னு உன்கிட்ட கடன் கேப்பான், குடுக்காத, செமஸ்டர் பீஸ்ல கைய வைக்காத. திட்டவும் திட்டாத. அவங்க அம்மா நம்பர் கெடச்சா அனுப்பு, நான் பேசறேன். வேலூர் பக்கத்துப் பையன்னா பாகாயத்துல சி.எம்.சி. மென்டல் ஹெல்த் சென்டர் இருக்கு, இல்லன்னா 14416ன்னு டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், ஃப்ரீ தான், தமிழ்லயே பேசலாம், அவன் கிட்ட சொல்லி வை.

அப்புறம், ஆயாவுக்கு அந்த நாவல்ல வர்ற சக்கர நாற்காலிப் பாட்டி கதைய சொன்னேன், இவ எப்ப சாவா சொத்து எப்ப வரும்னு எல்லாரும் காத்துக்கினு இருக்கும்போது கெழவி நேரா வந்து ஜீரோ மேல கட்டி ஜெயிக்குதே, அது வரைக்கும். ஆயா பீடித் தட்ட கீழ வச்சிட்டு, "எழுந்து போயிடச் சொல்லுடி அவள, இன்னும் இன்னாத்துக்கு குந்திக்கினு கீறா"ன்னு கத்துது. மிச்சத்த ஞாயித்துக் கெழம வீடியோ கால்ல நீயே சொல்லு, அந்த ரஷ்யாப் பேரெல்லாம் எனக்கு வாய்ல நுழையல.

அம்மா