உல்லன் தொப்பி பின்னும் வேலை: தரம் 8, 9 பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கச்சான் காற்றில் மண்டை காயும் ஊரில் உல்லன் தொப்பி எதற்கு என்று சிலர் வாசலில் நின்றே கேட்டுவிட்டீர்கள். தொப்பி நமக்கில்லை. இந்தத் தவணை தரம் 8, 9 பிள்ளைகள் ஆளுக்கொன்று பின்னி, குளிர் நாட்டில் இருக்கும் உறவினர் ஒருவருக்குப் பரிசாக அனுப்பப் போகிறார்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு மாமா, ஒரு சித்தி இல்லாத வீடு திருகோணமலையில் குறைவுதானே. அப்படி யாரும் இல்லையென்றால் நுவரெலியாப் பக்கம் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம். அங்கும் ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனி படியும்.

யாருக்கு என்று இந்தக் கிழமையே முடிவெடுங்கள். வட்ஸ்அப்பில் ஒரு கோல் எடுத்து, காதுக்குச் சற்று மேலாக நெற்றியைச் சுற்றி எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். பரிசு என்று சொல்லாமல் கேட்பது உங்கள் சாமர்த்தியம். பெரியவர்களுக்கு 56 அளவில் வரும். தொப்பியை அதைவிட ஏழெட்டு சென்ரிமீற்றர் குறைத்தே பின்ன வேண்டும். இழுபட்டுத் தலையைப் பிடிக்கும்.

மற்றக் கணக்குப் பிள்ளையின் வேலை. முதலில் சின்னத் துண்டு ஒன்று பின்னி, 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி, அதாவது நூல் வளையம், என்று எண்ணுவார்கள். 18 வந்தால், 88 கண்ணிக்குக் கிட்டத்தட்ட 49 சென்ரிமீற்றர். ஏன் 90 இல்லை? விளிம்பு நேராக இரண்டு கண்ணி, மறுபக்கமாகப் புரட்டி இரண்டு கண்ணி என்று மாறி மாறிப் போவதால் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். படிப்பு கெடுகிறது என்று கவலைப்பட்ட அப்பா ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஒன்றும் பேசவில்லை.

நடுத்தரத் தடிப்புள்ள நூல் 100 கிராம் ஒரு தொப்பிக்குத் தாராளம். அசல் கம்பளி கூடுதல் சூடு தரும். ஆனால் சுடுதண்ணீரில் அலசினால் சுருங்கிப்போகும். துவைக்கும் மெசினில் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுகிற வீட்டுக்கு அக்ரிலிக் நூலே நல்லது. நிறத்தைப் பிள்ளையே தெரிவுசெய்யட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்த்தால் நூல் ஊசியில் ஒட்டிக்கொண்டு நகராது. அதனால் பின்னலை முதற் பாடவேளைக்கு மாற்றியிருக்கிறோம். ஊசி நுனியில் கார்க் குத்தாமல் பஸ்ஸில் கொண்டுவர விட வேண்டாம்.

ஆண் பிள்ளைகளுக்கு எதற்கு என்றும் கேள்வி வந்தது. கடற்கரையில் வலை பின்னுகிறவர்கள் யார்? அந்த வீட்டுப் பையன்களின் விரல் ஏற்கெனவே பழகியிருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு உண்டு, இதில் முடிச்சே இல்லை. ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் ஏணிப்படி போலக் கீழே கீழே கழன்றுகொண்டு போகும். குறோசே ஊசியால் ஒவ்வொரு படியாகக் கொளுவி மேலே கொண்டுவந்தால் சரி.

அந்த நேரத்தில்தான் அம்மாமாரின் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வாங்கிப் பின்னிக் கொடுக்காதீர்கள். பிள்ளை இறுக்கிப் பின்னியிருக்கும், உங்கள் கை தளர்வாக ஓடும். எந்த வரிசையில் கை மாறியது என்று ஆசிரியை பார்த்த உடனே சொல்லிவிடுவார். கோணல் வரிசை இருந்தால் இருக்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு பனியில் வேலைக்குப் போகப்போகும் மாமா கண்ணியை எண்ணப் போவதில்லை. கடைத் தொப்பியைத் தந்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். இதற்குப் புள்ளி போடுவதில்லை, ஏமாற்றி ஒரு இலாபமும் இல்லை.

தபாலில் அனுப்புகிறவர்கள் நவம்பர் நடுப்பகுதிக்குள் பொதியை முடித்துவிடுங்கள். விலாசத்தைப் பிள்ளையே எழுதட்டும். பின்னல் தெரிந்த அம்மம்மாமார் யாராவது காலையில் வந்து வகுப்பில் உட்கார முடியுமானால் மனைப்பொருளியல் ஆசிரியையிடம் பெயர் கொடுங்கள். தேநீர் நாங்கள் தருவோம்.

இப்படிக்கு,
அதிபர்