நெருக்கடியை உடைத்தபின் ஏன் நிற்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டிகளில், எதிரணி ஆடுகளம் முழுவதும் நெருக்கித் தடுக்கத் தொடங்கியதும், பந்தை வாங்கிய பையன் தலையைக் குனிந்தபடி பக்கக்கோட்டோரமாகத் தட்டிச் சென்று, இருவரின் பொறியில் சிக்கிப் பந்தை இழப்பதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பன்னாட்டு விதிப்படி, நாம் பந்து போடவேண்டிய கூடை உள்ள முன்பாதியை அடைய 8 விநாடிகள் உண்டு. பதற்றமின்றி மூன்று முறை பந்தைக் கைமாற்ற அது தாராளம். நடுக்கோட்டருகே உயரமான ஒருவரை நிறுத்தி, பந்து அவர் கைக்கு வந்த கணமே இரு ஓரங்களிலும் இருவர் ஓடினால், பொறி வைத்த இருவரும் பின்தங்கிவிட, நம் மூவருக்கு எதிரே தடுப்பவர் இருவர் மட்டுமே என்ற அரிய வாய்ப்பு கிட்டும். ஆனால் அந்த நேரத்தில்தான், ஓட்டத்தை நிறுத்தி ஆட்டத்தை மறுபடி அமைக்கச் சொல்லிப் பல பயிற்சியாளர்கள் (என் மகனின் பயிற்சியாளரும் சேர்த்துத்தான்) கத்துகிறார்கள். பயிற்சியின்போது ஐவருக்கு எதிராக எழுவரை நிறுத்திப் பழக்கி, கூடைவரை ஓடி முடிக்கச் செய்யுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி